செல்லக்கனி டீச்சருக்கு வராத கைத்தட்டு

வெள்ளாந்தருவை ஆரம்பப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கைத்தட்டு வெளியேறி ஊர் சுற்றத் தொடங்கியதற்குக் காரணம், செல்லக்கனி டீச்சர் அன்றைக்கு மத்தியான மணியைக் கொஞ்சம் முந்தியே அடித்துவிட்டதுதான். ஏன் முந்தி அடித்தாள் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. வெயில் ஏறிவிட்டது, பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அரைச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மிக்கேல் சார் வகுப்பிலிருந்து வந்த சிரிப்பை அவளால் அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

உப்பளத்தைச் சுற்றி உண்டான ஊர் அது. எந்த வீட்டுத் திண்டில் உட்கார்ந்து பார்த்தாலும் கடைசியில் கண் கூசுகிற வெள்ளைப் பாத்திகள்தான். அங்கே செல்லக்கனி டீச்சருடைய குரல் தெரியாதவர்கள் கிடையாது. காலை வழிபாட்டுப் பாட்டை அவள் எடுத்தால் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருக்கிற பெண்கள் நிமிர்ந்து முதுகை நெட்டி முறித்துக்கொள்வார்கள். வாய்ப்பாட்டுக்கு அவளாகக் கட்டிய ஒரு ராகம் உண்டு. அந்த ராகத்தில் படித்த பையன்கள் மீசை வளர்ந்து, கல்யாணம் முடிந்து, லாரியில் உப்பு மூட்டை ஏற்றும்போதும் அதே ராகத்தில்தான் எண்ணினார்கள். ராகத்தை மறந்தால் கணக்கும் மறந்துவிடும் அவர்களுக்கு. ஊர் வாயெல்லாம் தன் வாய் என்று அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் கடைத்தெருவில் நடந்து போகும்போது அவளுடைய கழுத்து அதைச் சொன்னது.

மிக்கேல் சார் கடற்கரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பாட வராது. கிணற்று ராட்டினம் எண்ணெய் இல்லாமல் சுற்றுகிற மாதிரி ஒரு தொண்டை. வந்த அன்றைக்கே, "நமக்கு கடல்ல நின்னு கத்துன தொண்டை டீச்சர், வழிபாட்டுப் பாட்டெல்லாம் நீங்களே பாத்துக்கிடுங்க" என்று அவர் சொன்னபோது செல்லக்கனி டீச்சருக்கு மனசு நிறைந்து போனது, அவருக்குத் தன் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாயில் பாதியைக் கொடுத்துவிட்டாள். அப்புறம்தான் அவர் பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, மூன்றாம் வகுப்பை வட்டமாக நிற்கவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, காலை மிதிக்கச் சொன்னார்.

"காலு நிக்கப்பிடாது பிள்ளைகளா. காலு ஒங்க நெஞ்சு மாதிரி. நீ தூங்குனாலும் அது நிக்குமா? நிக்காதுல்லா? கை என்ன வேணும்னாலும் பேசட்டும், காலு அதும்பாட்டுக்குப் போயிட்டே இருக்கணும்."

பிள்ளைகள் மணிக்கட்டில் விரல் வைத்துத் தங்கள் துடிப்பைத் தேடினார்கள். முதலில் கிடைக்காமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் தேடினார்கள். கிடைத்ததும் அந்தத் துடிப்புக்கே காலை மிதித்தார்கள். காலுக்கு மேலே தங்கள் பெயரைக் கையால் தட்டினார்கள். ராஜாவுக்கு ரெண்டு தட்டு, முத்துப்பேச்சிக்கு நாலு தட்டு, ஆனால் ரெண்டு பேருக்கும் கால் ஒன்றுதான். தேங்காய்ச் சிரட்டைகளைத் தரையில் குத்திக் குத்தி அடுத்தவனுக்குத் தள்ளினார்கள். கடைசியாக ஒரே ஒரு கைத்தட்டை எடுத்து, மிதி தவறாமல், வட்டத்தில் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அனுப்பினார்கள். தட்டியவன் அடுத்தவளைப் பார்க்கவேண்டும், அவள் வாங்கித் தட்டி அதற்கடுத்தவனைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அளத்தில் பாத்தி மிதிக்கிறவர்களின் பிள்ளைகள் அவர்கள். சீசன் தொடங்கும் முன் அப்பாவும் அம்மாவும் வரிசையாக நின்று ஈரக்களிமண்ணை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவதைப் பார்த்தே வளர்ந்த கால்கள். ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

அதையெல்லாம்கூட டீச்சர் தாங்கியிருப்பாள். முத்துப்பேச்சி சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. திக்குவாய்ப் பிள்ளை அது. ரெண்டாம் வகுப்பு முடிகிறவரை டீச்சருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் முழுவதும் சுற்றியது. அதைக் கொண்டு ஒருவார்த்தை சத்தமாகச் சொல்லவைக்க டீச்சர் தன் ராகத்தை எல்லாம் செலவழித்துப் பார்த்திருந்தாள். அந்தப் பிள்ளை இப்போது அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் தன் பெயரை நாலு தட்டாகத் தட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்து போய்த் தண்டவாளத் துண்டில் மணியை அடித்தாள்.

பிள்ளைகள் வட்டத்தை உடைத்துக்கொண்டு சோற்றுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கைத்தட்டு அப்போது முத்துப்பேச்சியிடம் இருந்தது. தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்ற சமையல்கார லூர்தம்மாதான் கண்ணில் பட்டாள். லூர்தம்மா கரண்டியைக் கீழே வைத்தாள், ஒரு தட்டுத் தட்டினாள், வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் கீரைக்காரர் நின்றிருந்தார். அப்படித்தான் போனது.

போனது திரும்பி வரவில்லை, நிற்கவும் இல்லை. பிள்ளைகளின் கால் என்ன வேகத்தில் மிதித்ததோ அதே வேகத்தில், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, தெருத்தெருவாக, வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தது. ரெண்டு நாள் ஊர் அதைப் பேசியது, மூன்றாவது நாள் அதற்குத் தோதாக நடந்துகொள்ளப் பழகிவிட்டது. சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நாவிதர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவார். டீக்கடையில் ஆற்றுகிற கிளாஸைக் கல்லில் வைத்துவிடுவார்கள். வெள்ளாந்தருவை நிறுத்தத்துக்கு வரும்போது கண்டக்டர் தோளைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு ரெண்டு கையையும் சும்மா வைத்துக்கொள்வார். பால் குடிக்கிற பிள்ளைகளும் வாங்கித் தட்டின, சத்தம் மட்டும் வராது. அளத்துக் கங்காணி முதலில், வேலை நேரத்தில் இந்தக் கூத்தெல்லாம் ஆகாது என்று கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வந்துவிட்டது, தட்டிக் கொடுத்துவிட்டு மீதியைக் கத்தினார். பிறகு பாத்தி மிதிக்கிற வரிசையே அந்தத் தட்டைக் கேட்டுத்தான் கால் எடுத்து வைத்தது, களி முன்பைவிடக் கெட்டியாக இறுகுகிறது என்று அவரே சொல்லத் தொடங்கினார். யாரிடமிருந்து வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்வது ஊரில் ஒரு மரியாதை ஆயிற்று. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் அந்த வீட்டுக்குத் தட்டு கடைசியாக எப்போது வந்தது என்று விசாரித்தார்கள்.

சுடலைக்கண்ணு இறந்து, குளிப்பாட்டி, நாற்காலியில் சாத்தி வைத்திருந்தபோதும் அது வந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற மகன் வாங்கி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டான், அவன் என்ன செய்வான், அது அப்படித்தான் போனது. ஒப்பாரி நின்றது. யாரோ குனிந்து கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். சுடலைக்கண்ணு ஒரு தட்டுத் தட்டினார், லேசாகத்தான், பிறகு வேலிக்கல் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் வாசலோடு நின்றிருந்த தம்பி பலவேசத்தின் பக்கமாக அவர் கை சாய்ந்தது. பலவேசம் வாங்கித் தட்டிவிட்டு உட்கார்ந்து அழுதார். கைக்கட்டை மறுபடி கட்டினார்கள், ஒப்பாரி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அந்தக் கூட்டத்தில் செல்லக்கனி டீச்சரும் இருந்தாள். அவள் வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு, ஈரத்தலையோடு அடுப்படியில் நின்று, "செத்தவனுக்குக்கூட" என்றாள். ஏனென்றால் ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் அது இன்னும் வரவில்லை.

முதலில் அவள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள். பிறகு ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அது வந்தது. சத்தம் கேட்டதும் மண்ணெண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டு, சேலை நுனியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவள் தட்டினாள், அவளுக்குப் பின்னால் நின்றவன் தட்டினான். அவளைத் தாண்டிப் போனபோது காதோர முடிகூட அசையவில்லை. இடது பக்கத்து வீட்டுக்கு வந்தது, வலது பக்கத்து வீட்டுக்குப் போனது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை வரைக்கும் வந்தது. தெருவில் போகிறவர்கள் கேட்கத் தொடங்கினார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்களிடம் கேட்கிற குரலில்.

"டீச்சர், இன்னும் வரலியா?" என்றாள் பால் கொண்டுவருகிற உலகம்மாள்.

"வந்துச்சே. நேத்து சாயங்காலம்."

"அப்படியா! யார்ட்டருந்து வாங்குனிய?"

டீச்சர் இந்த இடத்தை யோசித்து வைத்திருக்கவில்லை. "ஒன்கிட்டருந்துதான் உலகம்மா. பாலு ஊத்தும்போது. நீ கவனிக்கல."

"நான் கவனிக்காமலா? நேத்து சாயங்காலம் நான் எருமைக்குல்லா குடுத்தேன்."

"எருமைக்கா?"

"ஆமா டீச்சர். முன்னங்கால் ரெண்டையும் சேத்து ஒரு மிதி மிதிச்சுது பாருங்க, கறந்த பாலு அம்புட்டும் கவுந்துட்டு." உலகம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "அதென்ன டீச்சர் பெரிய அது. வந்தா வருது, வராட்டாப் போவுது. இந்தாங்க." அளந்து ஊற்றியதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அந்த மேல்பாலை டீச்சரால் குடிக்க முடியவில்லை. கொட்டவும் மனசு வராமல் உறை ஊற்றி வைத்தாள், அது உறையவும் இல்லை.

அவள் தனியாகப் பழகிப் பார்த்தாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, சமையலறையில் காலை மிதித்து, அரிசிப் பானைக்கு ஒரு பெயர், கறிவேப்பிலைக் கொத்துக்கு ஒரு பெயர் என்று தட்டினாள். அவளுக்குத் தாளம் வராமலில்லை. ஊருக்கே ராகம் கட்டியவளுக்குத் தாளமா வராது? எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் தட்டினால் தட்டிய இடத்திலேயே முடிந்துவிட்டது.

ஒருநாள் மிக்கேல் சாரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"சார், ஒங்க கைத்தட்டை நீங்களே கூப்பிட்டு வச்சுக்கிடுங்க. ஊரு கெட்டுப்போவுது."

"என் தட்டு இல்ல டீச்சர். பிள்ளைய தட்டுல்லா."

"ஆரம்பிச்சது நீங்கதான?"

"ஆரம்பிக்கத்தான் டீச்சர் சொல்லிக்கொடுத்தேன். எப்படி முடிக்கணும்னு சொல்றதுக்குள்ள மணி அடிச்சிட்டு." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று டீச்சர் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் தெரிந்த முகமாக இல்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது. "நீங்களும் ஒருநாள் வட்டத்துல வந்து நில்லுங்களேன். பிள்ளைய சந்தோசப்படும்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று வந்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் அவர் வகுப்பு வாசலில், யாரும் பார்க்காத நேரத்தில், அவருடைய செருப்பைக் காலால் தள்ளி வெயிலில் போட்டாள்.

பிறகு அவருக்கு வட்டாரக் கூட்டம் என்று ஒருநாள் வந்தது. ரெண்டு வகுப்பையும் டீச்சர்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். காலையிலிருந்தே அவள் காது தெருவில் இருந்தது. ஒரு டீச்சருக்குப் பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைக்கவா சொல்லிக்கொடுக்க வேண்டும்? எல்லோரையும் ஒரே வரிசையாக, வாசலில் தொடங்கி அறையை வளைத்துக்கொண்டு வந்து தன் நாற்காலியில் முடிகிற மாதிரி உட்காரவைத்தாள். நாற்காலிக்கு அந்தப் பக்கம் சுவர். ஜன்னலைச் சாத்தினாள். வரிசையின் கடைசியில், தன் முழங்காலை ஒட்டி, முத்துப்பேச்சியை உட்காரவைத்தாள். வேறு யார் ஏமாற்றினாலும் அந்தப் பிள்ளை தன்னை ஏமாற்றாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஐஸ்காரர் வாசலில் தட்டியது கேட்டது. வாசல் பையன் வாங்கினான். வரிசையில் ஒவ்வொரு கையாக வந்தது, வர வர டீச்சருக்கு உள்ளங்கை வேர்த்தது, முத்துப்பேச்சி கையை விரித்தாள், அவளுடைய முகம் டீச்சர் பக்கம் திரும்பவில்லை. சாத்திய ஜன்னல் பக்கம் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே லூர்தம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ரெண்டு உள்ளங்கையும் சேர்வதற்குள் டீச்சர் பிள்ளையின் மணிக்கட்டுகளைப் பிடித்துவிட்டாள்.

"என்னைப் பாரு. எனக்குத் தா."

"டீ... டீச்சர். நா... நான் குடுக்கல. அ... அதுவா போவுது."

"நீ சொன்னாக் கேக்கும். சொல்லு. டீச்சருக்குப் போன்னு சொல்லு."

முத்துப்பேச்சிக்குச் சொல் வரவில்லை. டீச்சர் பிடியை விடவில்லை. கைத்தட்டு அந்த ரெண்டு சின்ன உள்ளங்கைக்கும் நடுவில், ஒரு சாண் இடைவெளியில் நின்றது, ஊரில் வேறெங்கேயும் அது இல்லை. மாவு மில் நின்ற மாதிரி ஒரு அமைதி தெருக்களில் இறங்கியது. அளத்தில் மிதிவரிசை ஒரு காலைத் தூக்கியபடி, எப்போது வைப்பது என்று தெரியாமல் நின்றது. மூட்டை எண்ணுகிறவர்களுக்கு ராகம் பாதியில் அறுந்தது. எங்கே நின்றது, யாரிடம் நின்றது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஊர் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து கூடியது. ஜன்னலை வெளியிலிருந்து திறந்தார்கள். யாரும் திட்டவில்லை, கைத்தட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று அதுவரை யாரும் சொல்லி வைத்ததில்லை.

"வேலை கெடுது டீச்சர், விட்டிருங்க" என்றார் கங்காணி.

"பிள்ளைக்குக் கை செவந்துட்டு டீச்சர்" என்றாள் உலகம்மாள்.

"எல்லாருக்கும் குடுத்திய. எருமைக்குக் குடுத்திய" என்றாள் டீச்சர். "நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மிக்கேல் சார் வந்தார், வட்டாரக் கூட்டத்திலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்த வேர்வையோடு, கையில் சோற்றுத் தூக்கோடு. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். ஊர் முழுவதும் டீச்சர் ஒருத்தியின் கையை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது வந்ததை டீச்சர் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டாள். கொஞ்ச நாளாகத் தலை சீவும்போதெல்லாம் கண்ணாடியில் அவள் பார்த்துவந்த முகம்தான் அது. அவளுக்கு உள்ளே எங்கேயோ குளுகுளுவென்று இருந்தது. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இருட்டுகிறவரை, நாளைவரை, ஓய்வு பெறுகிறவரை இப்படியே பிடித்துக்கொண்டிருக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

"டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்றாள் முத்துப்பேச்சி, திக்காமல்.

"போயிட்டு வா" என்றாள் டீச்சர்.

வாய் சொல்லிவிட்டது. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்கிற வாய், அது சொன்னதும் கையும் பழக்கத்தில் திறந்துவிட்டது. உள்ளங்கைகள் சேர்ந்தன. கைத்தட்டு டீச்சரைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது, லூர்தம்மா சோப்புக் கையால் வாங்கித் தட்டினாள், அளத்தில் தூக்கிய கால்கள் எல்லாம் களியில் இறங்கின. முத்துப்பேச்சி பாவாடையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. ஆனால் தட்டு பழைய தட்டாக இல்லை. கொஞ்சம் போகும், பிறகு ஒருவர் கைக்கும் அடுத்தவர் கைக்கும் நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிடும், மூச்சைப் பிடித்த மாதிரி, பிறகு போகும். எத்தனை தரம் ஊர் சுற்றி வந்தாலும் அந்த இடம் அதற்குள்ளேயே இருந்தது. மிதிவரிசை அந்த இடத்தில் காலைத் தூக்கி நிறுத்திவைத்து இறக்கப் படித்தது, அது பார்க்க அழகாக இருக்கிறது என்று பக்கத்து அளக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில், "டீச்சர் நிப்பு வருது, கொஞ்சம் பொறும்வே" என்றார்கள். கேலியாகத்தான் அந்தப் பெயர் தொடங்கியது. பிறகு கேலி கழன்றுபோய்ப் பெயர் மட்டும் நின்றது.

மிக்கேல் சார் அதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அவருக்கு வரவில்லை. ஒருநாள் முந்திவிடும், ஒருநாள் பிந்திவிடும், பிள்ளைகள் "தப்பு சார், தப்பு சார்" என்று உருண்டு சிரித்தார்கள். கடைசியில் அவர் அரைச்சுவரில் கையூன்றி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "டீச்சர், அது எம்புட்டு நேரம்னு கொஞ்சம் வந்து காட்டுங்களேன்" என்றார். குரலில் இருந்த கசப்பை அவரால் மறைக்க முடியவில்லை. அவளும் அதைக் காதில் வாங்கி, ருசித்து, வைத்துக்கொண்டுதான் எழுந்து போனாள்.

இப்போது தினமும் சாப்பாட்டு மணிக்கு முன்னால் அவள் அந்த வட்டத்துக்கு நடுவில் நிற்கிறாள். கைத்தட்டு அவளுக்கு வந்ததில்லை, அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. பிள்ளைகளின் கால் சுற்றிலும் மிதிக்கிறது. தட்டு கைக்குக் கை மாறி வருகிறது. அந்த இடம் வந்ததும் அவள் ரெண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத மணிக்கட்டுகளைப் பற்றுகிறவளைப் போல விரல்களை மூடுகிறாள். வட்டம் நிற்கிறது. தெரு நிற்கிறது, டீக்கடையில் கிளாஸ் நிற்கிறது, அளத்தில் கால்கள் எல்லாம் காற்றில் நிற்கின்றன, மிக்கேல் சார் சுவரோரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரம் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பிறகு விரலைத் திறக்கிறாள். தட்டு அவளைத் தாண்டி அடுத்த பிள்ளையிடம் போகிறது, அவள் அந்தப் பிள்ளையின் கையையே பார்க்கிறாள், அது சேர்ந்து சத்தமிட்டு விரிந்து வெறுமையாகிறவரை, கண்ணெடுக்காமல்.